தார் தடவிய பக்கம்

தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் உங்கள் கிடங்கில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். இடிபடப் போகும் கட்டடங்களைப் பக்குவமாகப் பிரித்து, அந்த மரத்தையும் செங்கல்லையும் ஓடுகளையும் புதுக் கட்டடத்தில் ஏற்றுகிற வேலையை எவ்வளவு அழகாகச் செய்கிறீர்கள்! உத்திரத்துக்கு உத்திரம் ஒரு சீட்டு. எங்கிருந்து வந்தது, என்ன பாரம் சுமந்தது, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று அம்புக்குறியோடு ஒட்டியிருக்கிறீர்கள். "ஈப்போவுல இந்த அடையாளம் போடுறத முதல்ல ஆரம்பிச்சவர் ஐயாதான்னு பழைய ஆளுங்க சொல்றாங்க" என்று ஒரு தங்கை ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை முருகன் படத்துக்கு விளக்கேற்றாமலே பூசையை முடித்து எழுந்துவிட்டேன். வயசு என்று மனைவியிடம் சொன்னேன். வயசு என்றால் அதற்கு முந்தின நாளும் மறந்திருக்க வேண்டுமே. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடையாளத்தை ஆரம்பித்தவன் சின்னப்பன். அதைச் சுரண்டி எடுத்தவன் நான்.

எழுபதுகளின் பின்பாதி அது. கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. சிலவற்றில் செம்பனை நட்டார்கள். சிலவற்றில் வீடு கட்ட நிலத்தை நிரவினார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்களும் ரப்பர் ஷீட் காய்ச்சும் புகைக் கொட்டகைகளும் இடிபட்டன. அவற்றை விலைக்கு எடுத்துப் பிரித்து விற்கிற பழைய மரக் கடை ஒன்று ஈப்போவுக்கு வெளியே இருந்தது. முதலாளி சீனர்; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் இன்று சுழற்சிப் பொருளாதாரம் என்கிறீர்கள். அன்று அதற்குப் பழைய சாமான் வேலை என்று பெயர். எனக்குப் பெண் கொடுக்கும்போது என் மாமனார், "மாப்பிள்ளை காயலான் கடையிலயா?" என்று மூன்று முறை கேட்டார்.

ஆனாலும் கடைக்குள் நான் ராஜா. கடப்பாரையின் தலையால் மரத்தைத் தட்டி, ஓசையைக் கேட்டே உள்ளே நல்லதா சொத்தையா என்று சொல்லுவேன். பத்து வருடம் தவுக்கே என் காதை நம்பினார். கட்டடம் பார்க்கப் போகும்போது லோரியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. மற்றவர்கள் பின்னால், மழையில். சிரிக்காதீர்கள். ஒரு மனிதனுக்கு அவன் உட்காரும் இடம் ரொம்ப முக்கியம்.

அப்போதுதான் சின்னப்பன் வந்தான். பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்துப் பிள்ளை. கிறிஸ்துவன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். வேலை தொடங்குமுன் மூன்று நொடியில் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான், அவ்வளவுதான் அவன் பக்தி. நான் காலையில் அரைமணி நேரம் பூசை, செவ்வாய் வெள்ளி மச்சம் மாமிசம் இல்லை, சஷ்டிக்கு ஆறு நாள் விரதம். அப்படியும் ஆண்டவன் திறமையை அவனுக்கு அல்லவா கொடுத்தான் என்று பின்னாளில் முருகனிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

அவனுடைய கெட்டிக்காரத்தனத்தை நான் முதலில் பார்த்தது பாரிட் புந்தாரில், ஒரு பழைய நெல் கிட்டங்கியில். நான் தூண்களைத் தட்டிக்கொண்டு போனேன். இவன் எதிரே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரரிடம் போய்க் குந்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினான்.

"என்னடா, கதை பேசவா சம்பளம்?"

"இல்லண்ணே. வாசப்பக்கத்துத் தூணு ரெண்டும் ஒரு வெள்ளத்துல வாரக்கணக்கா தண்ணியில நின்னுச்சாம். அது வேணாம்ண்ணே."

"நான் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரி கிண்ணுன்னு இருக்கு. ஏத்துடா."

ஏற்றினோம். கடையில் போட்டு அறுத்தபோது முழங்கால் உயரத்தில் உள்ளே தேயிலைத் தூள் மாதிரி கொட்டியது. நான் நெஞ்சு உயரத்தில்தான் தட்டியிருந்தேன். தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரத்துக்கு மலாயில் காயு. "நீ காயுவ அடிக்கிறது மட்டும். இந்த ஆளு காயு கதை கேக்குறான் லா!"

"மரத்துக்கிட்ட கதை கேட்டா தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் லோரி பிடிக்கணும்" என்றேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. எல்லோரும் சிரித்தார்கள். சின்னப்பனும் சிரித்தான். அடுத்த முறை கட்டடம் பார்க்கப் போனபோது முன் இருக்கையில் அவன் இருந்தான்.

கட்டடத்தைத் தட்டுவதற்கு முன்னால் அதில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள். இதுவும் அவன் பாடம்தான். என் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் தார் வந்தது. ஒரு பால் டின்னில் தாரும் தென்னை மட்டையில் அடித்துச் செய்த தூரிகையும் வைத்துக்கொண்டு, பிரிப்பதற்கு முன்பே ஏறி, ஒவ்வொரு உத்திரத்தின் மேல் பக்கத்திலும் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோடு புதுக் கட்டடத்திலும் மேலேதான் இருக்க வேண்டும். "இத்தன வருசம் எந்தப் பக்கம் அமுங்கி எந்தப் பக்கம் இழுபட்டுச்சோ, அப்படியே வைச்சா அதுக்குப் பழக்கம்ண்ணே" என்பான். வாங்க வருகிறவர்கள் தார்க்கோடு இருக்கிற மரத்தையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். "அந்தக் கறுப்புக் கோடு அண்ணன் இல்லையா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்பார்கள். நான் கூப்பிட்டு விடுவேன். கூப்பிடும்போது என் குரல் தேன் மாதிரி இருக்கும். சஷ்டி விரதத்தில் வயிற்றைப் பட்டினி போட்டேனே தவிர, உள்ளே இருந்த பொறாமைக்கு மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கோயில் கதைக்கு வருகிறேன்.

ஈப்போவுக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் நடுவில் ஒரு தோட்டம் விலை போயிற்று. அங்கிருந்த மாரியம்மனை ஜனங்கள் பக்கத்துப் புதுக் குடியிருப்புக்குக் கொண்டு போனார்கள். சின்னக் கோயில், முன்னால் ஒரு மண்டபம். தோட்டத்துப் புகைக் கொட்டகையின் நான்கு நீள உத்திரங்களை அந்த மண்டபத்துக்குப் போடுவதென்று முடிவாயிற்று. செங்கால் மரம். இரும்பு தோற்றுப்போகும். கூரைக்கு ஈப்போவில் இடித்த ஒரு கடையின் மண் ஓடுகள். எல்லாமே பழையது. கோயில் தலைவர் அந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அரை மனத்தோடுதான் ஒப்புக்கொண்டார்.

அந்த உத்திரங்களில் ஒரு விஷயம் இருந்தது. ஷீட் தொங்கவிடும் குறுக்குக் கட்டைகள் உட்காருவதற்காக, மேல் பக்கத்தில் வரிசையாக நான்கு விரல் ஆழத்துக்கு வெட்டுகள். மேலே இருக்கும்வரை பாரம் அவற்றை இறுக்கி மூடும். தலைகீழாக வைத்தால் பாரம் அவற்றைப் பிளக்கும். வருடக்கணக்கில் சுமந்ததால் உத்திரங்கள் நடுவில் கொஞ்சம் தொங்கியும் இருந்தன. தொங்கின உத்திரத்தைத் திருப்பி, வயிறு மேலே வருகிற மாதிரி வைப்பதுதான் எங்கள் பழைய தொழில் முறை. வெட்டு இல்லாத மரத்துக்கு அது சரி.

சின்னப்பனின் மனைவி அந்த வாரம் பாகான் டத்தோவில் பிரசவத்துக்கு இருந்தாள். பஸ்ஸுக்குப் போகுமுன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, மத்த மரம் எப்படியோ போவட்டும். இந்த நாலுக்கும் தாரு மேலயே இருக்கணும். வெட்டு கீழ வந்தா வாயப் பொளந்துடும்."

"எனக்கே பாடமாடா?"

"பாடம் இல்லண்ணே. ஞாபகப்படுத்துறேன், அவ்ளோதான். வாரேன்."

அவன் பஸ் போனதும் நான் தலைவரிடம் போனேன். "தலைவரே, நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. ஆத்தா மண்டபத்துல தாரு பூசின கட்டையா? கறுப்பா, அசிங்கமா..."

"அதானே! எனக்கும் உறுத்துச்சு. கறுப்பு வேணாம்பா. சுரண்டிடு."

இப்படித்தான் அம்மன் பெயரைச் சொல்லி என் வயிற்றெரிச்சலைத் தணித்துக்கொண்டேன். தாரைச் சுரண்டினேன். வெட்டுகளில் அளவெடுத்த மரத்துண்டுகளை அடித்து அடைத்தேன். இழைப்புளியால் இழைத்து வார்னிஷ் பூசினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. ஜனங்கள் வந்து தொட்டுப் பார்த்து, "இதுவா பழைய மரம்!" என்றார்கள். ஏற்றுகிற அன்று ஆட்கள், "எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே, "வயிறு மேல வரட்டும். அதுதான் எப்பவும் உள்ள முறை" என்றேன். அவன் முறை இல்லாமலும் மண்டபம் நிற்கும் என்று எனக்கு நானே காட்ட வேண்டியிருந்தது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மண்டபத்தில் அன்னதானம். முதல் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது சின்னப்பன் வந்தான். பெண் குழந்தை பிறந்த சந்தோஷம், தோளில் ஒரு குலை இளநீர். என்னைப் பார்த்துச் சிரித்தவன், அப்படியே மேலே பார்த்தான். சிரிப்பு நின்றது. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, எந்தப் பக்கம் வைச்சீங்க?"

"சரியான பக்கம்தான். போய்ச் சாப்பிடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சாம்பார் வாளியைப் பார்த்தேன்.

இரண்டாம் பந்தி உட்கார்ந்தபோது மழை பிடித்தது. வெளியே நின்றவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள். மண் ஓடு தண்ணீரைக் குடிக்கக் குடிக்கக் கனக்கும், உங்களுக்கே தெரியும். நான் மோர் ஊற்றிக்கொண்டு போனேன். மேலே விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஓர் அம்மாவின் இலையில், சோற்றுக்குப் பக்கத்தில், பளபளவென்று ஒரு மரத்துண்டு வந்து விழுந்தது. நான் அடைத்த துண்டு.

அந்த அம்மா அதை எடுத்து, "என்னங்க இது, அப்பளமா?" என்றாள். பக்கத்தில் சிரித்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். வெட்டு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'பழைய மரத்தைத்தான் குறை சொல்வார்கள், சின்னப்பன் பெயர் கெடும்' என்று ஒரு மூச்சு நேரம் மனம் குளிர்ந்தது. கீழே பிள்ளைகளும் பெரியவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மனம் குளிர்கிறது. திருநீறு பூசிய நெற்றிக்குப் பின்னால் அப்படி ஒரு நினைப்பு ஓடியது. அதை நான் மறக்கவில்லை.

வாளியை வைத்துவிட்டுத் தலைவரிடம் ஓடினேன். "எல்லாரையும் வெளியாக்கணும். உத்திரம் விரியுது."

அவர் மேலே பார்த்தார். "பழசு வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்! சரி, இந்தப் பந்தி முடியட்டும். பாதி இலையில எழுப்புனா ஆத்தாவுக்கு ஆகாதுப்பா. ஊரே பேசும்."

பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவது எவ்வளவு பெரிய தோஷம் என்று மற்ற நாளில் நானே அவருக்குப் பாடம் எடுப்பேன். ஆனால் இரண்டாவது சொடுக்குக் கேட்டது.

"தாங்காது தலைவரே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதானய்யா இரும்பு மாதிரி நிக்கும்னு சொன்ன?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால்தான் அவர் நம்புவார். "மரம் நல்ல மரம். நான்தான் தலகீழா வைச்சேன். சின்னப்பன் சொல்லிட்டுத்தான் போனான். பொறாமையில வேணும்னே வைச்சேன். எழுப்புங்க தலைவரே, ஒங்க காலுல விழுறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் மனிதர் நேரம் கடத்தவில்லை. அடுத்த நொடி, தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுத்த அதே குரலில் கத்தினார்: "எல்லாம் எந்திரி! எலைய வுடு! ஆத்தா கோயில் உள்ளாற போ!" வருடக்கணக்காக அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய ஜனங்களில், ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தள்ளுமுள்ளு இல்லாமல் மண்டபம் காலியாயிற்று.

அதற்குள் சின்னப்பன் வாசல் பந்தலுக்குக் காலாக நட்டிருந்த பக்காவ் மரக் கட்டைகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான். "அண்ணே, பிடிங்க!" நான்கு கட்டைகளை உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். எங்கே கொடுப்பது என்று அவன் சொன்னான், நான் அடித்தேன். எங்கள் காலடியில் சோறும் ரசமும். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கூப்பிட்டேன். எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது.

உத்திரம் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மழை விட்டதும் தலைவர் சொன்னார்: "எல்லாத்தையும் கழட்டி வெறகுக்குப் போடு. புதுசு வாங்கிக்கிறோம். இனிமே இந்தப் பக்கம் எவனும் பழைய கட்டை தூக்கிக்கிட்டு வரக் கூடாது."

சின்னப்பன் முகம் செத்துவிட்டது. அவனுக்கு அது நான்கு உத்திரம் மட்டும் இல்லை. அந்த மண்டபம் கெட்டுப்போனால் சுற்றுவட்டாரத்தில் பழைய மரத்தை யாரும் தொட மாட்டார்கள். "திருப்பி வைச்சாப் போதும் தலைவரே. மூணு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"எவன நம்பி? இவன நம்பியா?" என்று என்னைக் கை காட்டினார்.

அப்போது நான் சொன்னேன்: "என்ன நம்ப வேணாம். இவன நம்புங்க."

கூட்டத்துக்கு நடுவில் பொறாமையை ஒப்புக்கொண்டதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. இந்தச் சொல்லைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவசரத்தில் வந்தது அது. நிதானத்தில் சொன்னது இது.

மூன்றைத் திருப்பி வைத்தோம். விரிசல் விட்டதற்குப் பதில் கடையிலிருந்து இன்னொரு பழைய உத்திரம் போட்டோம். நான்கிலும் சின்னப்பன் மறுபடி தார் இழுத்தான். தலைவர்தான் தார் டின்னைப் பிடித்துக்கொண்டார். அந்த மண்டபம் இன்னும் நிற்கிறது. உங்களில் சிலர் அங்கே சாப்பிட்டிருப்பீர்கள்.

தவுக்கே என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. சின்னப்பனைத் தலைமை ஆளாக்கினார். என்னிடம், "உன் கை நல்ல கை. உன் ஹாத்தி சூசா லா" என்றார். மனசுதான் தொல்லை என்கிறார். எண்பதுகள் முழுக்க நான் சின்னப்பனுக்குக் கீழே, லோரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அவன் முன் இருக்கையில் ஏறும் ஒவ்வொரு காலையும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. ஒன்றே ஒன்று கற்றுக்கொண்டேன். அது கிள்ளும்போது கையில் எந்த ஆயுதத்தையும் எடுப்பதில்லை. அடங்கினபிறகுதான் இழைப்புளியைத் தொடுவேன். உங்களுக்கும் இதையே சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவன் கெட்டிக்காரனாக இருந்தால் எரியத்தான் செய்யும். எரிகிற நேரத்தில் மட்டும் அவன் போட்ட அடையாளத்தில் கை வைக்காதீர்கள்.

சின்னப்பன் இப்போது இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். நான் சும்மா இருந்துவிட்டால் மறுத்துச் சொல்ல யாரும் இல்லை என்பது, அன்று பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லுங்கள். நான் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். எரியும். பரவாயில்லை.

விரிசல் விட்ட உத்திரத்தை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. நல்ல பாகத்தைச் சின்னப்பன் அறுத்துப் பலகையாக்கி, என் வீட்டுச் சாமி அறைக்கென்று தானே தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் நீளமாகத் தார்க்கோடு.

"ஒரு அலமாரிப் பலகைக்கு எதுக்குடா தாரு?"

"எந்தப் பக்கம் மேலன்னு ஒங்களுக்கு மறந்துடும்ல அண்ணே" என்றான். சிரிக்கவேயில்லை. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தப் பலகையில்தான் முருகன் இருக்கிறார். விளக்கு வைக்கிற இடத்தில் கோடு ஓடுகிறது. எண்ணெய் வழிந்து துடைக்கும்போதெல்லாம் என் மனைவி கேட்பாள், இந்தக் கறுப்பைச் சுரண்டிவிட்டால் என்ன என்று.

அது மட்டும் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.